உத்தரவு அத்தை

எங்கள் அத்தை முருங்கைக்காய் பறிக்கிற அழகை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். துரட்டியை மரத்தில் சாய்த்துவிட்டு, அண்ணாந்து நின்று, "ரெண்டு காய் பறிச்சுக்கட்டுமா? உத்தரவா?" என்று கேட்பாள். கேட்டுவிட்டுச் சும்மா நிற்பாள். மரம் என்ன சொல்லும்? காற்றடித்தால் கிளை ஆடும். ஆடினால் சரி என்று பொருள். காற்றே இல்லாத சித்திரை மாதத்தில், அடுப்பில் குழம்பு கொதித்துக்கொண்டிருக்க, அத்தை கொல்லையில் காத்துக்கொண்டிருப்பாள். "அண்ணி, மரம் வாயத் தொறக்கறதுக்குள்ள கொழம்பு சுண்டிடும்போல" என்று அம்மா உள்ளேயிருந்து குரல் கொடுப்பாள். அத்தை அசைய மாட்டாள்.

அத்தை என்றால் அப்பாவுக்கு அக்கா. சேத்தியாத்தோப்புக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். அந்த ஊர்ப் பள்ளிக்கூடத்தில் அத்தை சத்துணவு ஆயாவாக இருந்தாள். அங்கேயும் இதே கதைதான். தட்டை நீட்டினால் சோற்றைப் போட வேண்டியதுதானே? மாட்டாள். "இன்னொரு கரண்டி போடவா கண்ணு?" என்று குனிந்து முகத்தைப் பார்ப்பாள். பிள்ளை தலையாட்டுகிற வரைக்கும் கரண்டி அந்தரத்தில் நிற்கும். வரிசை பள்ளிக்கூட வாசலைத் தாண்டித் தெருவுக்குப் போய்விடும். பிள்ளைகள் அவளுக்கு 'உத்தரவு ஆயா' என்று பேர் வைத்தார்கள். அதற்கு அவள் கோபித்துக்கொள்ளவில்லை. "வெச்சுக்கட்டும். என்ன ஒரு வார்த்த கேட்டுட்டு வெச்சிருக்கலாம்" என்றாள், அவ்வளவுதான்.

டவுன் பஸ்ஸில் ஆளே இருக்காது. ஆனாலும் சீட்டுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு "இங்க ஒக்காரலாமா?" என்பாள். "வண்டியே காலியா கெடக்கு, யார ஆயா கேக்கற?" என்று கண்டக்டர் சிரிப்பார். "ஒன்னத்தான்" என்பாள் அத்தை. அவர் சரி என்று சொன்ன பிறகுதான் உட்காருவாள். செல்போன் வந்த பிறகு இன்னும் வேடிக்கை. ரீசார்ஜ் முடியப்போகிறது, எண் ஒன்றை அழுத்தவும் என்று ஒரு பெண் குரல் பதிவில் பேசும். "அழுத்தட்டுமாம்மா?" என்று அத்தை திருப்பிக் கேட்பாள். அந்தப் பெண் பதில் சொல்லாமலே போனை வைத்துவிட்டாள் என்று அன்றைக்குப் பூராவும் வருத்தப்படுவாள்.

அத்தை போய் மூன்று வருஷம் ஆகிறது. வீட்டில் எல்லோரும் கூடினால் இதையெல்லாம் சொல்லிச் சிரிப்போம். நானும்தான் சிரிப்பேன். ஆனால் பேச்சு ஆட்டுப் பக்கம் திரும்பினால் எழுந்து அடுப்படிக்குப் போய்விடுவேன்.

இந்தப் பழக்கம் அவளுக்கு எங்கிருந்து வந்தது என்று ஒருமுறை அம்மாவைக் கேட்டேன். அத்தையைப் பதினேழு வயதில் திட்டக்குடிப் பக்கம் கட்டிக் கொடுத்தார்களாம். பதினோரு மாதத்தில் ஒரு டிரங்குப் பெட்டியோடு திரும்பி வந்துவிட்டாளாம். "அனுப்பறப்ப ஒருத்தரும் அவுங்கள ஒரு வார்த்த கேக்கல. திரும்பி வந்ததும் ஊரே கேட்டுது, ஏன் வந்தேன்னு" என்றாள் அம்மா. அத்தை யாருக்கும் அதற்குப் பதில் சொன்னதில்லை. பிறகு எங்கள் வீடே அவள் வீடாகிவிட்டது.

எனக்கு எட்டு வயதில் மஞ்சள் காமாலை முற்றிப்போய், சிதம்பரத்தில் ஓர் ஆஸ்பத்திரியில் கிடந்தேன். அத்தை வேலைக்கு லீவு போட்டுவிட்டு என் கூடவே இருந்தாள். நர்ஸ் ஊசியோடு வந்தால், "பாப்பா, போடலாமா? கொஞ்சூண்டுதான் வலிக்குமாம்" என்று அத்தை என்னைக் கேட்பாள். நான் வேண்டாம் என்பேன். "வேணாங்குது. செத்த நேரம் கழிச்சு வர்றியாம்மா?" என்பாள் நர்ஸிடம். நர்ஸ் தலையில் அடித்துக்கொண்டு ஊசியைப் போட்டுவிட்டுப் போவார். அந்த ஆஸ்பத்திரியில் என்னை ஒரு மனுஷியாக மதித்துக் கேள்வி கேட்டது அத்தை மட்டும்தான். அது அந்த வயதிலேயே எனக்குத் தெரிந்திருந்தது.

ஆறாம் நாள் டாக்டர் அப்பாவை வெளியே கூப்பிட்டு ஏதோ சொன்னார். அப்பா வராந்தாவிலேயே உட்கார்ந்துவிட்டார். அத்தை ஜன்னல் பக்கம் போய், எங்கள் ஊர் இருக்கும் திசையைப் பார்த்துக் கும்பிட்டாள். "வீரனாரே, எம்புள்ளய எழுப்பிக் குடு. ஒனக்குக் கெடா வெட்டிப் பொங்க வெக்கறேன்" என்றாள். அரைத்தூக்கத்தில் எனக்குக் கேட்டது. அதுவரைக்கும் அவள் யாரையும் கேட்காமல் செய்த காரியம், எனக்குத் தெரிந்து, அது ஒன்றுதான்.

நான் பிழைத்து வீட்டுக்கு வந்த மறுவாரம், சேத்தியாத்தோப்புச் சந்தையிலிருந்து அத்தை ஒரு கிடாக்குட்டியை மடியில் வைத்துக் கொண்டுவந்தாள். உடம்பெல்லாம் கறுப்பு. காது இரண்டிலும் வெள்ளைப் பொட்டு. இறக்கி விட்டதும் அது ஓடவில்லை, கத்தவில்லை. வீட்டுக்குள் நிதானமாக நடந்து, குதிர், அம்மி, கட்டில், அப்பாவின் சைக்கிள் என்று ஒவ்வொன்றையும் நின்று பார்த்துவிட்டு வந்தது. "என்னா, கலெக்டர் ஆய்வு பண்ற மாதிரி போவுது" என்றார் அப்பா. அதிலிருந்து அது கலெக்டர்.

"நேந்துவுட்ட குட்டிக்குப் பேரு வெக்காதீங்க" என்று அம்மா சொல்லிப் பார்த்தாள். யார் கேட்டார்கள்?

மூன்று மாதம் நான் பள்ளிக்கூடம் போகக் கூடாது, ஓடக் கூடாது, எண்ணெய்ப் பண்டம் கூடாது. விளையாட ஆள் கிடையாது. கலெக்டர்தான் எனக்கு எல்லாம். மதியம் நான் படுத்தால் அதுவும் பக்கத்தில் படுத்து என் வயிற்றில் தாடையை வைத்துக்கொள்ளும். அதன் மூச்சுச் சூடு சட்டையில் படும். அம்மா மறைத்துவைத்த கடலை உருண்டையைக் கண்டுபிடித்து, ஆளுக்குப் பாதி தின்போம். பள்ளிக்கூடம் திரும்பப் போனபோது அதுவும் கூடவே வந்து, மணியடிக்கிற வரை வேலியோரம் மேய்ந்தது. ஒருநாள் என் பைக்குள் தலையை விட்டு மாவட்ட வரைபடத்தை மென்றுவிட்டது. நெய்வேலி வரைக்கும் மிச்சம், மேற்கே ஒன்றுமில்லை. "திட்டக்குடி எங்க?" என்று சார் கேட்டார். "கலெக்டர் தின்னுட்டாரு சார்" என்றேன். வகுப்பு முழுக்கச் சிரித்தது. எனக்கு முட்டி போடுகிற தண்டனை கிடைத்தது. வீட்டில் சொன்னபோது, "அந்த ஊரு போனா போவுது" என்று அத்தை மட்டும் சொல்லிவிட்டு, கலெக்டருக்கு ஒரு கைப்பிடி அகத்திக்கீரை போட்டாள்.

தை பிறந்ததும் அத்தை கிடாவின் முதுகைத் தடவிப் பார்க்க ஆரம்பித்தாள். ஆடிக்குள் சதை பிடித்துவிடும் என்று அப்பாவிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். அப்போதுதான் எனக்கு உறைத்தது. நேர்ந்துவிட்ட கிடா என்பது தெரியும். வெட்டப்போவது கலெக்டரைத்தான் என்பது மட்டும் அதுவரை மண்டையில் ஏறவில்லை.

"அத்த, அதயும் கேப்பியா?" என்று கேட்டேன்.

"பின்ன? கேக்காம எப்படி? தலையில மஞ்சத்தண்ணி ஊத்துவாங்க. ஒடம்ப சிலுப்புச்சுன்னா உத்தரவு. சாமியும் சரிங்குது, அதுவும் சரிங்குதுன்னு அர்த்தம்."

"சிலுப்பலன்னா?"

"சிலுப்பலன்னா விட்டுட வேண்டியதுதான். சத்தியமா விட்டுடுவேன்."

அத்தை சொன்னால் சொன்னதுதான். எனக்கு அது போதும்.

மறுநாள் காலையிலேயே கலெக்டரைக் கொல்லைக் கைப்பம்புக்கு இழுத்துக்கொண்டு போனேன். முதல் சொம்புத் தண்ணீருக்கு அது சிலுப்பின சிலுப்பில் நானும் நனைந்தேன். இரண்டு காதையும் அடியில் சேர்த்துப் பிடித்துக்கொண்டு மறுபடி ஊற்றினேன். கொஞ்சம் அடங்கி நின்றது. உடனே வாழைப்பழத் தோலைக் கொடுத்தேன். சிலுப்பினால் தோல் கிடையாது. சும்மா நின்றால் உண்டு. தினமும் காலையில் ஏழெட்டுச் சொம்பு. ஒரு மாதத்தில் காதைப் பிடிக்க வேண்டியிருக்கவில்லை. மாசி, பங்குனி, சித்திரை போயிற்று. வைகாசியில் ஒரு பக்கெட்டையே கவிழ்த்தாலும், நனைந்த முகத்தோடு என் கையைத்தான் பார்த்துக்கொண்டு நிற்கும், தோல் எங்கே என்று.

அத்தை ஒருநாள் பார்த்துவிட்டாள். "தெனம் தண்ணி ஊத்தறியே பாப்பா, சளி புடிக்காது? அத ஒரு வார்த்த கேட்டியா?"

"கேட்டேன் அத்த. சரின்னுச்சு" என்றேன்.

அவள் நம்பிவிட்டாள். அத்தையிடம் எதற்கும் அந்த ஒரு பதில் போதும்.

ஆடி ஞாயிற்றுக்கிழமை. வீரனார் கோயில் எங்கள் ஊர் எல்லையில், வேப்பமரத்தடியில். சுற்றுச்சுவர், ஓர் இரும்பு கேட், உள்ளே கத்தி பிடித்த வீரனார். சொந்தக்காரர்கள் நாற்பது பேர் வந்திருந்தார்கள். மசாலா அரைத்தாகிவிட்டது. அண்டா கழுவிக் கவிழ்த்தாகிவிட்டது. கலெக்டருக்கு மாலை போட்டு நிறுத்தினார்கள். பூசாரி ஒரு சொம்பு மஞ்சள் தண்ணீரைத் தலையில் ஊற்றினார்.

கலெக்டர் நின்றது. தண்ணீர் தாடி வழியாகச் சொட்டியது. கூட்டத்தில் என்னைத் தேடிக் கண்டுபிடித்து, என்னையே பார்த்தது.

இன்னொரு சொம்பு. அதற்கும் அசையவில்லை. மூன்றாவது, நான்காவது. "என்னடா இது, கல்லாட்டம் நிக்குது" என்றார்கள். அரைமணி நேரம் போயிற்று. கிட்டே போய்க் கலெக்டரைக் கட்டிக்கொள்ள வேண்டும்போல இருந்தது எனக்கு. ஆனால் போனால் காரியம் கெட்டுவிடும் என்று பாவாடையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"காதுல ரெண்டு சொட்டு உடு மச்சான், தானா சிலுப்பும். எல்லாரும் பண்றதுதான்" என்றார் மாமா, அம்மாவின் தம்பி. அவருக்குப் பசி. அப்பா சொம்பை வாங்கிக்கொண்டு கிட்டே போனார்.

அத்தை குறுக்கே வந்து நின்றாள். "வேணாம் தம்பி."

"நேரமாவுதுக்கா."

"ஆவட்டும். கேட்டா காத்திருக்கணும். காத்திருக்க முடியாதவன் கேக்கக் கூடாது."

உச்சிவெயில் வரைக்கும் காத்திருந்தார்கள். கடைசியில் பூசாரி கையை உதறிக்கொண்டு, "உத்தரவு இல்லம்மா" என்றார். மாலையைக் கழற்றிக் கயிற்றை அவிழ்த்துவிட்டார்கள். மாமா பைக்கை எடுத்துக்கொண்டு சேத்தியாத்தோப்புக்குப் போய்ப் பத்துப் பிராய்லர் கோழி வாங்கி வந்தார். அந்தக் கோழிகளை யாரும் எதுவும் கேட்கவில்லை.

நான் கலெக்டரின் கழுத்தைக் கட்டிக்கொண்டு சுவரோரம் உட்கார்ந்திருந்தேன். என் வாழ்க்கையில் அவ்வளவு சந்தோஷமாக நான் இருந்ததே இல்லை. அப்போதுதான் அண்டாவுக்கு அந்தப் பக்கம் இரண்டு பெண்கள் பேசிக்கொண்டது காதில் விழுந்தது.

"வாழாவெட்டி கையால நேந்தது. சாமி எப்படி ஏத்துக்கும்?"

"அதான. அந்தத் தம்பி பொண்டாட்டி நேந்திருந்தா இந்நேரம் கறி வெந்திருக்கும்."

அத்தை அவர்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். கை நின்றது. பிறகு மறுபடி உரிக்க ஆரம்பித்தாள்.

அடுத்த ஆடியில் எல்லோரும் பொங்கல் வைக்கப் போனோம். கேட் வரைக்கும் வந்த அத்தை, தட்டை என் கையில் கொடுத்துவிட்டு ரோட்டோரப் புளியமரத்தடியில் நின்றுவிட்டாள். "நீ வல்லியா அத்த?" என்றேன். "எனக்குத்தான் உத்தரவு இல்லியே பாப்பா. அன்னைக்கு யாரயும் கேக்காம நேந்துட்டேன். எங்கையில ஏதோ குத்தம்" என்றாள். அப்பா கூப்பிட்டுப் பார்த்தார், வரவில்லை. உள்ளே போகிற பெண்கள் அவளைப் பார்த்துவிட்டு, தலையைத் திருப்பிக்கொண்டு போனார்கள்.

அன்றைக்கே சொல்லியிருக்கலாம். தண்ணீர் ஊற்றிப் பழக்கியது நான், உன் கையில் ஒரு குற்றமும் இல்லை என்று ஒரே வார்த்தை. சொன்னால் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். கலெக்டரை மறுபடி நிறுத்துவார்கள். இந்தத் தடவை காதில் ஊற்றுவார்கள். ஒரு பக்கம் அத்தையின் முகம், இன்னொரு பக்கம் கலெக்டர். பத்து வயதில் நான் ஆட்டைத் தேர்ந்தெடுத்தேன். அதற்காக இன்றைக்கும் நான் வருத்தப்படவில்லை.

கலெக்டர் இன்னும் ஏழு வருஷம் இருந்தது. கொழுத்துப்போய், தாடி நீண்டு, நிஜமாகவே பெரிய அதிகாரி மாதிரி ஆகிவிட்டது. நான் பிளஸ் ஒன் படிக்கிறபோது, ஐப்பசி மழையில் வயிறு உப்பிச் செத்துப்போனது. குழி வெட்டியது அப்பா. மண்ணைத் தள்ளுவதற்கு முன்னால் அத்தை குனிந்து, "மூடட்டுமா?" என்று அதைக் கேட்டாள். நான் இரண்டு நாள் சாப்பிடவில்லை. தட்டை வைத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருந்தது அத்தைதான். அப்போதும் நான் சொல்லவில்லை. காப்பாற்ற ஆடு இல்லை, பயப்பட ஒன்றும் இல்லை. வெட்கம்தான். ஒரு வருஷம் தள்ளியது இரண்டு வருஷமானது. பிறகு சிதம்பரத்தில் காலேஜ், கடலூரில் வேலை, செம்மண்டலத்தில் வாடகை வீடு. ஒவ்வொரு ஆடிக்கும் ஊருக்குப் போவேன். புளியமரத்தடியில் அத்தை நிற்பாள். தட்டை வாங்கிக்கொண்டு, அவள் முகத்தைப் பார்க்காமல் உள்ளே போவேன்.

பிறகு ஒரு வருஷம் அத்தைக்குக் கண்ணில் புரை வந்து, கடலூரில் ஆபரேஷன் செய்துகொண்டு என் வீட்டில் தங்கியிருந்தாள். மூன்று வேளை சொட்டு மருந்து. கறுப்புக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "அத்த, ஊத்தட்டுமா?" என்று கேட்டேன்.

கண்ணைத் திறந்து காட்டிக்கொண்டே சொன்னாள். "என்ன ஒரு வார்த்த கேட்டுட்டுச் செய்யற ஒரே ஆளு நீதான் பாப்பா."

மருந்தைக் கீழே வைத்துவிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். கைப்பம்பு, சொம்பு, வாழைப்பழத் தோல், எதையும் விடவில்லை.

கண்ணாடியைத் தடவி எடுத்து மாட்டிக்கொண்டாள். பிறகு, "அத கேட்டேன், சரின்னுச்சுன்னு சொன்னியே?" என்றாள்.

"பொய் அத்த."

"எத்தன ஆடி ஆவுது?"

"பத்தொம்போது."

"பத்தொம்போது ஆடியும் வெளியில நின்னேன்."

அவள் அழவில்லை. நான்தான் அழுதேன். "கெடாவ விட்டுடுன்னு ஒன்ன கேட்டிருந்தா, விட்டிருப்பியா அத்த?" என்று கேட்டேன். என் பக்கம் ஒரு நியாயம் கிடைக்காதா என்ற ஆசையில்.

யோசித்துத்தான் சொன்னாள். "மாட்டேன். ஒன் உசுருக்கு நேந்தது. விட்டிருக்க மாட்டேன். அதனால நீ பண்ணத நான் குத்தம் சொல்லல. அது செத்தப்புறம் சொல்லியிருக்கலாம்ல?"



இரண்டு நாள் அத்தை என்னோடு பேசவில்லை. சொட்டு மருந்துக்கு மட்டும் முகத்தைக் காட்டுவாள். மூன்றாம் நாள் காலையில் புடவை கட்டிக்கொண்டு வாசலில் நின்றாள். "கெளம்பு. ஊருக்குப் போவணும்" என்றாள். தூசி படக்கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறாரே என்றேன். காதில் வாங்கவே இல்லை. வடலூர் வழியாகச் சேத்தியாத்தோப்பு போய், அங்கிருந்து ஆட்டோ. வீட்டுக்குக்கூடப் போகவில்லை. நேராகக் கோயிலுக்கு விடச் சொன்னாள்.

பொங்கலும் இல்லை, பூசையும் இல்லை. சாதாரண செவ்வாய்க்கிழமை. கேட்டுக்கு முன்னால் வந்ததும் நான் நின்றேன். அவள் கேட்பாள், பதிலுக்காகக் காத்திருப்பாள், எவ்வளவு நேரமானாலும் நாமும் நிற்கவேண்டியதுதான் என்று நினைத்தேன். அத்தை கொக்கியைத் தள்ளிவிட்டு, கேட்டைத் திறந்துகொண்டு விறுவிறுவென்று உள்ளே போனாள். வீரனாருக்கு நேர் எதிரே நின்று, கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினாள். கை கூப்பவில்லை.

"அது புள்ள பண்ண வேல" என்றாள். "எம்மேல ஒரு குத்தமும் இல்ல."